நோட்டில் அவள் பெயர் இருக்கட்டும்

பாபநாசம் தொடங்கி ஏரல் வரை ஆற்றங்கரை ஊர்களில் மகளிர் குழு நடத்தும் அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும் வணக்கம்.

உங்கள் குழுவில் ஒருத்தியின் கல்யாணம் முறிகிறது. குடும்ப நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கியிருக்கலாம். ஜமாஅத்தில் பேசி முடித்திருக்கலாம். ஊர்ப் பெரியவர்கள் முன் எழுதி அத்துவிட்டிருக்கலாம். எதையுமே எழுதாமல், திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் திரும்பாமலே இருந்திருக்கலாம். எப்படி முறிந்தாலும் அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரு கேள்வி எழும்: அவளைக் குழுவில் வைத்துக்கொள்வதா, கணக்கை முடித்து அனுப்பிவிடுவதா? அனுப்பிவிடலாம் என்று சொல்வதற்குக் காரணங்கள் எளிதில் கிடைக்கும். வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல். இரக்கப்பட்டு வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. மணமுறிவுக்குப் பிறகு ஒரு பெண்ணின் கடன் பெயரை, ஊரில் இப்போது எல்லோரும் ‘சிபில்’ என்று சொல்கிறார்களே அதை, மறுபடி நிமிர்த்துவதற்கு இந்த வட்டாரத்தில் இருக்கும் வழிகளிலேயே செலவு குறைந்ததும் உறுதியானதும் உங்கள் குழுவின் கடன் பேரேடுதான் என்பது என் வாதம். அதை மறுத்து நீங்கள் என்னவெல்லாம் சொல்வீர்கள் என்பதையும் யோசித்தே எழுதுகிறேன்.

முதலில், அவள் பெயர் எப்படிக் கெட்டது? அமெரிக்காவோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அங்கே 1970-களின் தொடக்கம் வரை கல்யாணமான பெண் தன் பேரில் கடன் கேட்டுப் போனால் புருஷன் கையெழுத்தைக் கேட்பது சாதாரணம். இருவர் சம்பளத்திலும் அடைத்த கடனாக இருந்தாலும் நல்ல பெயர் அவன் கணக்கில்தான் ஏறும். விவாகரத்தானதும் அவளுக்கென்று ஒரு வரலாறே இருக்காது. 1974இல் வந்த சமக் கடன் வாய்ப்புச் சட்டமும், கணவன் மனைவி சேர்ந்து நடத்தும் கணக்கை இருவர் பெயரிலும் பதிய வேண்டும் என்று 1977 ஜூன் முதல் நடப்புக்கு வந்த விதியும் அதைச் சரிசெய்யப் பிறந்தவை. நம் ஊரில் கோளாறு இதற்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கிறது. இங்கே காகிதம் முழுக்க அவள் பெயர்தான். குழுக் கடனும், வாரா வாரம் வசூலுக்கு வரும் மைக்ரோ பைனான்ஸ் கடனும் பெண்களை நம்பித்தான் கொடுக்கப்படுகின்றன. முக்கூடலில் பீடி சுற்றுகிறவளும், பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறவளும், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுகிறவளும் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்த பணம் வீட்டுக்குக் கூரையாகவும், அவனுக்கு லோடு ஆட்டோவாகவும், நாத்தனார் கல்யாணச் செலவாகவும் போயிருக்கும். குடும்பம் ஒன்றாக இருக்கும்வரை தவணையும் வீட்டுப் பொதுப் பணத்திலிருந்தே போகும். யார் பெயரில் கடன் என்று யாரும் பார்ப்பதில்லை. வீடு இரண்டானதும் கூரை அவன் பக்கம், ஆட்டோ அவன் பக்கம், தவணை அவள் பக்கம். அமெரிக்கப் பெண்ணுக்குப் பணம் இருந்தது, பெயர் இல்லை. நம் பெண்ணுக்குப் பெயர் இருக்கிறது, பணம் எங்கோ போய்விட்டது.

இங்கே ஒரு பயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். மணமுறிவு சிபிலைக் கெடுக்காது. கடன் அறிக்கையில் பெயர், பிறந்த தேதி, அடையாள எண்கள், முகவரி, கடன்கள், தவணை கட்டிய விதம் போன்றவைதாம் இருக்கும். கல்யாணம் ஆனதோ முறிந்ததோ சிபில் கணக்கில் சேராது. புருஷன் தனியாக வாங்கிய, அவள் கையெழுத்தோ ஜாமீனோ போடாத கடன் அவள் அறிக்கையில் ஏறாது. ஆக, ‘அவன் ஊரெல்லாம் கடன் வைத்துவிட்டுப் போனான், இனி இவளுக்கு எந்தப் பேங்கும் கொடுக்காது’ என்ற பேச்சில் பாதிதான் உண்மை. அவன் தனியாக வாங்கியவை அவனைத்தான் சேரும். அவளைப் பிடிப்பவை மூன்று வகை: அவள் பெயரில் வாங்கியவை, இருவரும் சேர்ந்து வாங்கியவை, அவனுக்காக அவள் ஜாமீன் நின்றவை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இதில் கறாராக இருக்கிறது. சேர்ந்து கையெழுத்திட்டவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுக் கடனையும் கேட்கலாம் என்கிறது 43ஆம் பிரிவு. ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம் என்கிறது 128ஆம் பிரிவு. குடும்ப நீதிமன்றம் ‘வீட்டுக் கடனைக் கணவன் கட்ட வேண்டும்’ என்று எழுதினாலும், சமரச மனுவில் அவனே ஒப்புக்கொண்டிருந்தாலும், அந்த வழக்கில் வங்கி ஒரு தரப்பு இல்லை. அவன் கட்டாத மாதத்தில் வங்கி அவளைக் கேட்கும், அறிக்கையில் அவள் பெயரிலும் நிலுவை ஏறும். அவளைக் கடனிலிருந்து விடுவிக்க வேண்டுமென்றால் வங்கியே எழுத்தில் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் கடனை அடைத்து முடிக்க வேண்டும். 2023 டிசம்பரில் ஆறு பெருகியதுபோல இயற்கைப் பேரிடர் வந்தால் கடனை மறுசீரமைக்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தனி நெறிமுறையே வைத்திருக்கிறது. குடும்பம் உடைவதற்கு அப்படி ஒரு நெறிமுறை கிடையாது.

சரி, இதில் குழுவுக்கு என்ன வேலை? கெட்டுப்போன கடன் பெயரை அழிக்க முடியாது, அதன் மேல் நல்ல பதிவுகளை அடுக்கத்தான் முடியும். நாட்டில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. 300 முதல் 900 வரை போகும் அந்த எண்ணை ஏற்றும் மந்திரம் எதுவும் அவற்றிடம் இல்லை. வங்கிகள் அனுப்பும் விவரத்தை வைத்துக் கணக்குப் போடுகின்றன, அவ்வளவுதான். நல்ல பதிவு விழ வேண்டுமென்றால் அவளுக்கு யாராவது ஒரு சிறு கடன் கொடுத்து, அவள் அதை ஒழுங்காகக் கட்ட வேண்டும். கெட்ட பதிவு இருப்பவளுக்கு யார் கொடுப்பார்கள்? சிக்கலின் முடிச்சு இங்கேதான். சொத்து ஈடு கேட்காமல், சம்பளச் சீட்டு கேட்காமல், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பன்னிரண்டு பேரின் நம்பிக்கையை மட்டும் வைத்துக் கடன் கொடுக்கும் ஓர் அமைப்பு வேண்டும். 1992இல் நபார்டு 500 குழுக்களோடு சோதனையாகத் தொடங்கிய வங்கி இணைப்புத் திட்டம் உண்டாக்கியது அந்த அமைப்பைத்தான். குழுக்களுக்கு 20 லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இன்னொன்றையும் கவனியுங்கள். 2016 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, குழுக் கடன்களின் விவரத்தை உறுப்பினர் வாரியாகத் திரட்டிக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பும்படி வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. அதுவரை குழு என்ற ஒரே பெயருக்குள் மறைந்திருந்த ஒவ்வொருத்தியின் ஒழுங்கும் அவளவள் பெயரில் தெரிய வழி பிறந்தது. உங்கள் கிளை அந்த விவரத்தை அனுப்புகிறதா, ஆதாரும் பிறந்த தேதியும் சரியாகப் பதிந்திருக்கின்றனவா என்று மேலாளரிடம் கேட்டு உறுதி செய்வது ஊக்குநரின் வேலை. இந்தக் கேள்வியைப் பல குழுக்கள் கேட்பதே இல்லை என்பது என் சந்தேகம்.

குழுவைவிட்டு வெளியே போகிறவளுக்கு என்னென்ன கதவுகள் மிஞ்சுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். நகை இருக்கிறதே என்பீர்கள். இருந்தால் நல்லது. இரண்டரை லட்சம் ரூபாய் வரை நகைக் கடனுக்குக் கடன் திறனை விரிவாக ஆராய வேண்டியதில்லை என்று ரிசர்வ் வங்கியின் 2025ஆம் ஆண்டு விதிகளும் சொல்கின்றன. சொந்தப் பெயரில் ஒரு சிறு நகைக் கடன் வாங்கி, வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்காமல் முழுதாகத் திருப்பினால் அதுவும் நல்ல பதிவுதான். ஆனால் மணமுறிவில் முதலில் வழக்குக்குப் போவதே நகைதான். பாதி மாமியார் பீரோவில் இருக்கும், பாதி அவன் பெயரில் அடகில் இருக்கும். மைக்ரோ பைனான்ஸ் கம்பெனியிடம் போகலாம் என்றால் அங்கே வேறொரு கணக்கு. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குத் தரும் ஈடில்லாக் கடனே மைக்ரோ கடன். குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. விதி நல்லதுதான். ஆனால் தான் இப்போது தனிக் குடும்பம் என்று அவள் காட்டாதவரை அவன் தவணைகளும் அவள் பாதியைத் தின்றுகொண்டிருக்கும். ரேஷன் அட்டையில் அவன் பெயரோடு அவள் பெயரும் நீடிக்கிற வரைக்கும் அதைக் காட்டுவது லேசல்ல. இந்தக் கதவுகளும் சாத்திக்கொண்டால் மீதம் இருப்பது தண்டலும் கந்துவட்டியும்.

கந்துவட்டியைப் பற்றித் திருநெல்வேலிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2003இலேயே தமிழ்நாட்டில் அதற்கெதிராகச் சட்டம் இருந்தது. அப்படி இருந்தும் 2017 அக்டோபர் 23ஆம் தேதி, திங்கட்கிழமை, மனு நாளில், கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் காசிதர்மத்தைச் சேர்ந்த ஒரு தம்பதியும் அவர்களின் இரண்டு பெண் குழந்தைகளும் தீயில் போனார்கள். அவர்கள் மணமுறிந்தவர்கள் அல்லர். அந்தத் துயரத்தை இந்த வாதத்துக்குத் தோதாக வளைப்பது முறையும் அல்ல. ஆனால் அது ஒன்றை மறுக்க முடியாதபடி காட்டியது: கணக்குள்ள கடன் கிடைக்காத இடத்தில் மக்கள் கடனே வாங்காமல் இருந்துவிடுவதில்லை. கணக்கில்லாத கடனுக்குப் போகிறார்கள். அங்கே கட்டியதற்கு ரசீது இல்லை. எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும் எந்த அறிக்கையிலும் ஒரு நல்ல வரி ஏறப்போவதில்லை. பெயரைத் திருத்த வேண்டிய காலத்தில் வருஷக்கணக்காகக் கட்டியும் பெயர் திரும்பாத கடன் அது. கூட்டத்தில் நீங்கள் அவள் பெயரை அடிக்கிற அன்று, அவள் அடுத்து எந்தத் திண்ணையில் போய் உட்காருவாள் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறீர்கள்.

இனி உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவதும் வலுவானதும் இது: அவள் கட்டவில்லையென்றால் எங்களுக்கெல்லாம் அடுத்த லோன் கிடைக்காது, ஒருத்திக்காகப் பதினோரு பேர் நஷ்டப்படுவதா? பயம் நியாயமானது. ஆனால் நீக்கினால் அந்த ஆபத்து தீருமா? வங்கிக் கடன் வாங்கும்போது எல்லோரும் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டீர்கள்; கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று அதில் இருக்கிறது. தீர்மான நோட்டில் அவள் பெயரை அடித்துவிட்டால் வங்கியிலுள்ள நிலுவை குறைவதில்லை, கட்ட வேண்டியவள் மட்டும் கைநழுவிப் போகிறாள். குழுவில் இருக்கிறவளுக்கு அடுத்த கடன் என்ற நம்பிக்கை இருக்கிறது, மாதம் ஒருமுறை உங்கள் முகத்தில் விழிக்க வேண்டிய கட்டாயமும் இருக்கிறது. நீக்கப்பட்டவளுக்கு இரண்டும் இல்லை. வெறும் வசூல் கணக்காகப் பார்த்தாலும் வைத்துக்கொள்வதே லாபம். அதற்குக் குழுவுக்குள்ளேயே கருவி இருக்கிறது. உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்தும் சுழல் நிதியிலிருந்தும் தரும் உள்கடனுக்குத் தவணையும் காலமும் வைப்பது நீங்கள்தான், வங்கி அல்ல. அவள் பங்கு வங்கித் தவணையை மூன்று நான்கு மாதம் உள்கடனாகப் போட்டுக் கட்டி, அவளிடமிருந்து சிறுகச் சிறுக நீண்ட காலத்தில் வாங்கிக்கொள்ளலாம். வயல் வேலைக்குப் போகிறவள் என்றால் கார், பிசானப் பருவங்களின் நடவு, அறுப்பு நேரங்களில் கூடுதலாகவும் மற்ற மாதங்களில் குறைவாகவும் கட்டும்படி வைக்கலாம். வங்கிக்குத் தேதி தவறாமல் பணம் போகும். அவள் பெயரில் நாள் தள்ளிய நிலுவை விழாது. குழுவின் தரமும் குறையாது. இதற்கும் ஓர் எல்லை வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருக்கிற நிதிக்கு மேல் தாங்கப் போனால் குழுவே ஆட்டம் கண்டுவிடும். எத்தனை மாதம், எவ்வளவு தொகை என்பதைத் தாங்கத் தொடங்குமுன்பே தீர்மானத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மறுப்பு: அவள்தான் பிறந்த ஊருக்குப் போய்விட்டாளே, கூட்டத்துக்கு எப்படி வருவாள்? நம் குழு அமைப்பின் பெரிய ஓட்டை இதுதான், இதைப் பற்றி யாரும் பேசுவதுமில்லை. குழு என்பது தெருவை வைத்து, ஊரை வைத்து அமைவது. பெண்ணோ கல்யாணமானால் ஊர் மாறுகிறாள், முறிந்தால் மறுபடி மாறுகிறாள். சேரன்மகாதேவியில் பத்து வருஷம் ஒழுங்காகச் சேமித்தவள் கடையத்தில் அப்பன் வீட்டுக்கு வந்து சேரும்போது அந்தப் பத்து வருஷமும் சேரன்மகாதேவி நோட்டிலேயே தங்கிவிடுகிறது. வங்கிக் கணக்கைக் கிளை மாற்றலாம், ரேஷன் அட்டையை முகவரி மாற்றலாம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாற்றுச் சான்றிதழ் தருகிறது. குழுவில் சம்பாதித்த நம்பிக்கைக்கு மட்டும் மாற்றுச் சீட்டு இல்லை. அதை நீங்களே எழுதித் தரலாம். எந்த மாதம் சேர்ந்தாள், எவ்வளவு சேமித்தாள், எத்தனை கடன் வாங்கினாள், எத்தனை தவணை நாள் தவறாமல் கட்டினாள், இன்று நிலுவை எவ்வளவு என்று பேரேட்டைப் பார்த்து எழுதி, ஊக்குநரும் பிரதிநிதிகளும் கையெழுத்திட்டு, ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் முத்திரையோடு கொடுத்தால் போதும். இதற்குச் சட்ட வலிமை இல்லை. இதைக் காட்டினால் கடன் கொடுத்தே தீர வேண்டும் என்று எந்த வங்கிக்கும் கட்டாயமில்லை. ஆனால் அது வங்கிக்குப் போகும் சீட்டு அல்ல, கடையத்துக் குழுவுக்குப் போகும் சீட்டு. ‘புருஷனை விட்டு வந்தவளை நம்பி எப்படிச் சேர்ப்பது’ என்று அங்கே ஒருத்தி கேட்டால் பதில் அந்தக் காகிதத்தில் இருக்கும். பழைய கடன் தீரும்வரை இங்கேயும் உறுப்பினராக வைத்திருங்கள். தவணையைப் போனிலேயே அனுப்பட்டும். மாதக் கூட்டத்துக்கு ஆள் வராமலிருப்பதும் தவணை வராமலிருப்பதும் ஒரே குற்றம் அல்ல.

மூன்றாவதாக ஒருத்தி எழுந்து கேட்பாள், அவள் கேட்பதுதான் எல்லாவற்றிலும் நியாயமான கேள்வி: அவன் தின்ற கடனை இவள் ஏன் கட்ட வேண்டும்? கட்டக் கூடாதுதான். ஆனால் அதை வங்கியிடம் சொல்லிப் பயனில்லை, நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். ஜீவனாம்ச வழக்கு எதுவானாலும் இரு தரப்பும் தம் சொத்து, வருமானம், பொறுப்பு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் கடன்களுக்கும் இடம் உண்டு. அவள் பெயரில் உள்ள குழுக் கடன் எவ்வளவு, அந்தப் பணம் எந்தச் செலவுக்குப் போனது, மாதம் எவ்வளவு கட்டுகிறாள் என்று அங்கே எழுதினால்தான் ஜீவனாம்சத்திலோ ஒட்டுமொத்தத் தொகையிலோ அதைக் கேட்க முடியும். அதற்குச் சான்றும் உங்களிடம்தான் இருக்கிறது. கடன் கேட்ட அன்று ‘வீடு மராமத்துக்கு’ என்றோ ‘ஆட்டோ முன்பணத்துக்கு’ என்றோ தீர்மான நோட்டில் எழுதினீர்களே, அந்த வரி. நாளைக்கு வழக்கில் பயன்படும் என்று நினைத்து அதை எழுதியிருக்க மாட்டீர்கள். எல்லாக் கடனுக்கும் பழக்கத்தில் ‘குடும்பச் செலவு’ என்று எழுதிவிடுவதை இனியாவது நிறுத்துங்கள். வழக்கு முடிய வருஷங்கள் ஆகலாம். அதுவரை தவணையை நிறுத்திவைத்தால் அடி விழுவது அவள் பெயரில்தான், அவனுக்கு ஒரு கீறலும் இல்லை. இன்று கட்டிக்கொண்டே நாளை அவனிடம் கேட்பதுதான் வழி. சேர்ந்து கையெழுத்திட்ட கடனில் ஒருவர் மட்டும் கட்டினால் மற்றவரிடம் பங்கு கேட்கும் உரிமையை அதே 43ஆம் பிரிவு தருகிறது. இது நீதியா என்றால், அரைகுறை நீதிதான். முழு நீதி வரும்வரை அவள் பெயர் காத்துக்கொண்டிருக்க முடியாது.

சுருக்கு வழிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. பாதிப் பணம் கட்டு, கணக்கை முடித்துவிடுகிறோம் என்று வசூல்காரர் சொல்லும்போது ஆசை வரும். அப்படி முடித்தால் அறிக்கையில் ‘முழுதும் அடைக்கப்பட்டது’ என்று வராது, ‘பேரம் பேசி முடிக்கப்பட்டது’ என்ற பொருளில் ‘செட்டில்டு’ என்று வரும். அடுத்துக் கடன் கொடுக்கிறவர் கண்ணுக்கு அது பாதி கட்டாதது. கையில் காசே இல்லை, வேறு வழியில்லை என்றால் செய்ய வேண்டியதுதான். கொஞ்சம் தாங்கினால் முழுதும் கட்டிவிடலாம் என்றால் அவளைத் தடுங்கள். அதைவிட மோசமானது, ‘மூவாயிரம் கொடுங்கள், சிபிலை எழுநூறுக்கு ஏற்றித் தருகிறோம்’ என்று வருகிறவர்களின் பேச்சு. உண்மையான கெட்ட பதிவை யாராலும் காசு வாங்கி அழிக்க முடியாது. தவறான பதிவைத் திருத்தக் காசே தேவையில்லை. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் விதி. அதில் அவள் வாங்காத கடன் இருந்தாலோ, அடைத்த கடன் இன்னும் நிலுவையில் நின்றாலோ நிறுவனத்திடம் நேரடியாகப் புகார் செய்யலாம். 30 நாளில் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இது 2024 ஏப்ரல் கடைசியிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதற்கும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், தொலைபேசி 14448. குழுவில் பிளஸ் டூ படித்த பெண் ஒருத்தி இருந்தால் ஒரு மத்தியான நேரத்தில் முடித்துவிடக்கூடிய வேலை இது.

அந்த மத்தியானத்தில் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பு பெயரைப் பாருங்கள். நம் பெண்களுக்குக் கல்யாணத்தோடு இன்ஷியல் மாறுகிறது. ஆதாரில் அப்பா இன்ஷியல், வாக்காளர் அட்டையில் புருஷன் இன்ஷியல், வங்கியில் இன்ஷியலே இல்லாமல் வெறும் பெயர். மைக்ரோ கடன்கள் பலவும் பான் எண் இல்லாமல் வாக்காளர் அட்டையையோ ஆதாரையோ வைத்தே கொடுக்கப்பட்டவை. ஒருத்தியின் வரலாறு இரண்டு மூன்று பெயர்களில் சிதறிக் கிடக்கவும், அதே பெயருள்ள வேறொருத்தியின் நிலுவை இவள் தலையில் விழவும் இது போதும். முறிவுக்குப் பிறகு அப்பா இன்ஷியலுக்குத் திரும்புகிறவள் பான், ஆதார், வங்கி மூன்றிலும் ஒரே எழுத்தில் திரும்ப வேண்டும். அதைவிட அவசரமானது போன் நம்பர். கடன் வாங்கியபோது வீட்டில் இருந்த ஒரே போன் அவனுடையது என்றால் ஓடிபியும் தவணை நினைவூட்டலும் இன்னும் அவனுக்குத்தான் போகும். வங்கியின் கடிதம் பழைய வீட்டு முகவரிக்குப் போய்க் கிழிபடும். தவணை தப்பியதே தெரியாமல் அவள் பெயர் கெட்டுக்கொண்டிருக்கும். அடிக்குப் பயந்து வந்தவள் என்றால் புது முகவரி அவன் கைக்குப் போகாமல் பார்ப்பதும் சேர்ந்துகொள்கிறது. முதல் வாரத்திலேயே அவளோடு ஒருத்தி துணைக்குப் போய்க் கிளையில் நம்பரையும் முகவரியையும் மாற்றி எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வாருங்கள்.

இவ்வளவும் ஒரே ஒரு பெண்ணுக்காகவா என்று யாராவது கேட்டால், அவளுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். கெட்ட பதிவு ஏழு ஆண்டுகளாவது அறிக்கையில் கிடக்கும். இன்று பதினோரு வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு பிறந்த வீடு போகிறவள், ஏழு ஆண்டு கழித்துப் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் அந்தப் பெண்ணைச் சேர்க்கக் கல்விக் கடன் கேட்டு நிற்பாள். கூட்டுக் கடனாளியாக அன்று வங்கி பார்க்கப் போவது தாயின் பெயரை. கடன் வரலாறே இல்லை என்பதற்காக மட்டும் முதல்முறை வருகிறவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கெட்ட வரலாறு உள்ளவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அந்த ஏழு ஆண்டுகளில் முதல் ஆறு மாதமே கடினமானது. அதை அவளால் தனியாகத் தாண்ட முடியாது, குழுவால் தாண்ட வைக்க முடியும்.

ஆகையால் அடுத்த கூட்டத்திலேயே, இப்போது யாருக்கும் அப்படி ஒரு நிலை வரவில்லை என்றாலும், ஒரு பொதுத் தீர்மானம் போட்டு வையுங்கள். ஆள் வந்த பிறகு போட்டால் அவள் குணம், அவன் குணம், யார்மேல் தப்பு என்று பேச்சு திரும்பிவிடும். குழுவுக்கு வேண்டியது அவள் கடன் கணக்கு மட்டும்தான். தீர்மானத்தில் நான்கு வரிகள் இருக்கட்டும். மணமுறிவைக் காரணமாக வைத்து எவரையும் நீக்குவதில்லை. வங்கித் தவணை தப்பும் நிலை வந்தால் இத்தனை மாதம்வரை, இவ்வளவு தொகைவரை உள்கடனாகத் தாங்குவது. ஊர் மாறினால் கணக்குச் சீட்டு எழுதித் தருவது. வேறு ஊரிலிருந்து அப்படிச் சீட்டோடு வருகிறவளைச் சேர்த்துக்கொள்வது. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மற்ற மூன்றையும் எல்லாக் குழுவும் எழுதிவிட்டு இதை ஒரு குழுவும் எழுதாவிட்டால் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு அவள் போவதற்கு ஊர் இருக்காது.